அந்தத் தாத்தாவைக் கட்டிப்போட்டது பராமரிப்பு இல்லை

ரெண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் ஓடுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். முதியோர் இல்லத்தில் நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்த அந்தத் தாத்தா. வீடியோவைவிட அதற்குக் கீழே வந்த கமெண்ட்கள்தான் என்னைத் தூங்க விடவில்லை. "வெளியே ஓடிடுறாரு, வேற என்ன பண்ணுவாங்க?" என்று என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே கேட்கிறீர்கள்.

கட்டிப்போடுவது பராமரிப்பு இல்லைங்க. மறதி நோய் வந்தவர்கள் சும்மா எழுந்து நடப்பதில்லை. ஒண்ணுக்கு முட்டும், பசிக்கும், எங்கோ வலிக்கும், சொல்லத் தெரியாது. பொழுது சாய்ந்தால் பதற்றம் இன்னும் கூடும்.

என் அம்மாவுக்கு அது நாலு மணி. "மாட்டைக் கறக்கணும், மடி கட்டிக்கும்" என்று கிளம்பிவிடுவாள். மாட்டை விற்று இருபது வருஷம். இல்லத்தில் சேர்த்த முதல் மாதம் அவள் கையைக் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். நான் போனபோது மணிக்கட்டைச் சுற்றி வளையல் போலச் சிவந்த தடம். கேட்டால், "சேஃப்டிக்குத்தான் மேடம்."

பிறகு வந்த ஓர் ஆயாக்கா எவர்சில்வர் செம்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "வாங்கம்மா, கறந்துட்டு வருவோம்" என்று காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு சுற்றுக் கூட்டிப் போனார். வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அம்மா தானாகவே திரும்பி வந்து டீ குடித்தாள். கால் மணி நேரம்தான் ஆனது.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். சரி, வாங்குகிற பணத்துக்கு ஆள் போடச் சொல்லிக் கேளுங்கள். கதவில் ஒரு மணி, கேட்டில் இருப்பவர் போனில் எல்லாருடைய போட்டோ, துணியின் உள்பக்கம் தைத்த பெயரும் நம்பரும். இதற்கு எத்தனை ஆள் வேண்டும்? ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் ஒரு இல்லத்து வாசலில் பஸ்ஸே வராத பஸ் ஸ்டாப் வைத்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்று கிளம்புகிறவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து உள்ளே அழைத்து வருவார்.

"லாரியில் அடிபட்டால் யார் பொறுப்பு?" அந்தப் பயம் எனக்கும் உண்டு. அம்மா ஒரு தடவை பைபாஸ் வரை போனவள். ஆனால் கட்டிப்போட்டவர்கள் நாற்காலியோடு சாய்ந்து விழுகிறார்கள். படுக்கைப்புண் வருகிறது, இருந்த நடையும் போய்விடுகிறது. ஏர்வாடியை அதற்குள் மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6. மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். 28 உயிர்.

அப்புறம் அந்தக் கமெண்ட். "இவ்வளவு பாசம் இருந்தா வீட்டிலேயே வச்சுப் பார்த்திருக்கலாமே."

மூன்று வருஷம் பார்த்தேன். என்னைத் தாண்டும்போதாவது முழிப்பு வரட்டும் என்று வாசக்கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தேன். வேலை போனது, முதுகு போனது. ஒரே ஒரு ராத்திரி அப்படிப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள். இல்லத்தில் விட்ட அன்று அம்மா என் முந்தானையை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். தாத்தா வாட்ச் இல்லாத மணிக்கட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். எத்தனை மணிக்கு எங்கே போகணுமென்று அங்கே ஒருத்தராவது அவரைக் கேட்டார்களா?