சிட்டுக்குருவி அழிந்துவிட்டதா? அந்த ஃபார்வர்டு தவறு

"செல்போன் டவரால் இந்தியாவில் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது" என்று மறுபடியும் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அப்படி இல்லை. பறவை ஆர்வலர்கள் இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசிய 2020 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைப்படி, நாடளவில் குருவி அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் ஏறக்குறைய நிலையாகவே இருந்தது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

சரி, பொழுதுபோக்காகப் பார்ப்பவர்கள் கணக்கை நம்பலாமா? இங்கே யாரும் குருவித் தலைகளைக் கூட்டுவதில்லை. கண்ட எல்லா இனங்களையும் குறித்த பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனையில் குருவி இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். காகம், மைனா, புறா மட்டும் உள்ள பட்டியலும் 'இங்கே குருவி கண்ணில் படவில்லை' என்ற தகவல்தான். அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.