கிழக்கே ஓடும் நீரும் தெற்கே ஓடும் சாலைகளும்

சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம், 2027 முதல் 2046 வரையிலான காலத்துக்காக இப்போது தயாராகிவருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்ட பிறகு வரும் முதல் திட்டம் இது. இதில் எந்த நிலம் குடியிருப்பு, எது விவசாயம் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஆனால் ஓர் ஊரில் எங்கே வீடு முளைக்கும் என்பதை முதலில் முடிவு செய்வது சாலை. சாலை வரப்போகிறது என்ற செய்தி பரவிய உடனேயே ஏரிக்குக் கீழே உள்ள நன்செயில் மனைக்கற்கள் நடப்படுவதைப் புறநகரில் வசிக்கும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே வெள்ளத்தைப் பற்றிய பேச்சு, சாலையின் தடம் வரைபடத்தில் குறிக்கப்படும் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன. ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலை, திருச்சி நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை ஆகியவை வடக்கு தெற்காகச் செல்கின்றன. நிலமட்டத்துக்கு மேலே மண் கொட்டி உயர்த்தப்பட்ட சாலை ஒவ்வொன்றும், நீரைப் பொறுத்தவரை ஒரு கரைதான். நம் முன்னோர் ஏரிக்குக் கரை கட்டியபோது, நிரம்பினால் நீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கணக்கிட்டுக் கலங்கலையும் சேர்த்தே கட்டினார்கள். நம் சாலைகளுக்கோ, அந்தந்த இடத்தில் அன்று ஓடிய வாய்க்காலின் அகலத்தைப் பார்த்துச் சிறுபாலம் போடுகிறோம். மேலே இருந்த வயல்கள் மனைகளாகி, மண்ணில் இறங்க வேண்டிய மழை மொத்தமாக வழிந்து விரைந்து வரும்போது அந்தச் சிறுபாலம் போதுவதில்லை.

தென்சென்னையின் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலை அடைகிறது. அந்த ஒரு வாயை நம்பித்தான் வேளச்சேரி முதல் துரைப்பாக்கம் வரை பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது மகிழ்ச்சியே. ஆனால் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலை அதற்கு வெகுகாலம் முன்பே நாராயணபுரம் ஏரியை இரண்டாகப் பிளந்துவிட்டது.

மேற்குப் பக்கம் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பகுதி ஏரிகளின் உபரிநீர் ஆதனூர் வழியாக அடையாற்றுக்கு வருகிறது. வெளிவட்டச் சாலை அந்தப் பாதையைக் கடந்து செல்கிறது. 2015-இல் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களை மாடிகளிலிருந்து படகில் இறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே அந்தச் சாலையை ஒட்டி மூடு கால்வாய்கள் அமைக்கப்பட்டன. சாலை போடும்போதே செய்திருக்க வேண்டிய வேலை அது. அதே ஆண்டு டிசம்பரில், அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டியிருந்த விமான நிலையமும் நாட்கணக்கில் மூடப்பட்டுக் கிடந்தது.

கட்டட விதிகளும் இந்தப் பிழைக்குத் துணைபோகின்றன. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்ற அளவுதான் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. சாலையின் அகலத்தைப் பொறுத்து ஏறுகிறது; 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலை என்றால் 50 விழுக்காடு வரை கிடைக்கும். அந்த இடத்தில் கடந்த வெள்ளத்தில் எத்தனை அடி நீர் நின்றது என்பது அந்தக் கணக்கில் இல்லை. தாழ்வான மனைக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்டால், இவ்வளவு உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு அது வருகிறது. நிரப்பிய மனை தப்பிக்கிறது. பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் ஓட்டு வீட்டுக்குள் நீர் புகுகிறது. பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே சாலை போட்டதால், அந்த வீட்டுக்காரர் தெருவிலிருந்து மூன்று படி இறங்கித்தான் வாசலுக்குப் போகிறார்; எந்த அறிக்கையிலும் அவருடைய இழப்பு சாலைப் பணியின் செலவாக எழுதப்படுவதில்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும், வெள்ளத்துக்குப் பயந்து அந்தப் பகுதி மக்கள் கொண்டுவந்து நிறுத்திய கார்கள் வரிசையாக நின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெள்ளத்தில் ஆம்புலன்ஸ் போகக்கூடிய ஒரே வழி அந்தப் பாலமாக இருந்தால் என்ன செய்வது? எந்தச் சாலை மீட்புக்கு, எந்த மருத்துவமனைக்கு எந்த வழி என்பதைப் போக்குவரத்துத் திட்டமே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லைச் சாலை உருவாகிவருகிறது. அதுவும் வடக்கு தெற்குதான். மூன்று ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் ஊடறுத்துச் செல்கிறது. அதன் ஒவ்வொரு சிறுபாலமும் எவ்வளவு நீரைக் கடத்தும், மேலே உள்ள நிலம் முழுவதும் கட்டடமானாலும் அது போதுமா என்பதைப் புல எண்ணோடு தமிழில் வெளியிட வேண்டும். போதாத இடங்களில் பாலத்தை அகலப்படுத்தும் வரை, சாலையின் மேற்குப் புறத்தில் மனைப்பிரிவு அனுமதியை நிறுத்தி வைக்க வேண்டும். கூடுதல் எஃப்.எஸ்.ஐ. தருவதற்குச் சாலையின் அகலத்தோடு வெள்ள மட்டத்தையும் அளவுகோலாக்க வேண்டும். முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கப்போகிறேன். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் தெருவில் நீர் நின்ற உயரத்தைப் புகைப்படத்தோடும் தேதியோடும் சேர்த்து அனுப்புங்கள்.