வாரியத்துக்கு மறுபடியும் புது அதிகாரியா?

குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடு கட்டித் தரும் அரசின் குடிசை மாற்று வாரியத்துக்கு யார் தலைமைக்கு வந்தாலும் மனு கொடுக்கிற சனம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பு புரியத் தொடங்கும்போது மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. அடுத்தவர் வருகிறார், சால்வை, போட்டோ, ஆய்வு. லிஃப்ட் மட்டும் ஓடுவதில்லை. சென்னைக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வாரியம் கட்டியது எட்டு அடுக்குக் கட்டடம் ஐயா! மூட்டுவலிக்காரப் பாட்டி தண்ணீர்க் குடத்தோடு எப்படி ஏறுவார்?

1970-ல் தொடங்கியபோது ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்றார்கள். 2021-ல் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அதே வருடம் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய குடியிருப்பின் புதுச் சுவர், கையால் தொட்டதும் உதிர்ந்தது. தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. கையெழுத்துப் போட்ட மேலிடம் எதைப் பார்த்தது?

கூவம் கரையில் இருந்தவர்களை 20 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு வேலை போச்சு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு. இதையெல்லாம் முடிவு செய்த மேசையில், வாரியக் குடியிருப்பான கண்ணகி நகரிலிருந்து ஒரு அக்காவையாவது உட்கார வைத்தார்களா? அவரைவிட அந்தக் கட்டடத்தைத் தெரிந்தவர் யார்?