சோழன் வந்தான், சரி. அப்புறம்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், அதாவது பழைய கடாரத்தில், இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிற நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுங்கை பட்டாணி வடக்கு டோலில் இறங்குவார்கள். மெர்போக் சாலையில் நேராக அருங்காட்சியகம். புக்கிட் பத்து பகாட் என்ற சண்டியின், அதாவது பழங்கோயில் இடிபாட்டின், முன்னால் நின்று ஒரு படம், அதற்கு மேலே "கடாரம் கொண்ட சோழனின் மண்ணில்" என்று ஒரு வரி. மதியச் சாப்பாட்டுக்குப் பினாங்கு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நடுவில் கடந்து வந்த பீடோங், செமிலிங், செம்பனை (பாமாயில்) காடுகள் எல்லாம் அவர்களுக்கு வெறும் கார் கண்ணாடிக் காட்சிதான்.

நான் பீடோங்காரன், ரப்பர் பால்மரத்துக்கு நடுவே வளர்ந்தவன். இதைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

முதலில் அந்தச் சண்டியையே எடுத்துக்கொள்வோம். சோழன் கட்டிய கோயில் என்று பஸ்ஸில் வரும் கூட்டத்துக்கு யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நிதானமாகச் சுற்றி வந்து பாருங்கள். கீழே கருங்கல் அடித்தளம், அதன்மேல் தூண் நின்ற கல் ஆதாரங்கள். தூணும் கூரையும் மரமாக இருந்திருக்க வேண்டும், அதனால்தான் மிஞ்சவில்லை. தஞ்சாவூரில் பார்ப்பதுபோல் கல்மேல் கல்லாக ஏறிப்போன விமானம் இங்கே கிடையாது. இது இந்த ஊர் மழைக்கும் இந்த ஊர் மரத்துக்கும் ஏற்ற கட்டுமானம். 1936-37இல் தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இந்த வட்டாரத்தில் தோண்டினார்கள். 1959-60இல் அலாஸ்டர் லாம்ப் மறுபடி அடுக்கி நிறுத்தியதுதான் இன்று நாம் பார்ப்பது. வளாகத்தில் இருக்கும் மற்றச் சண்டிகள், அதாவது பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம், வேறு இடங்களில் கிடைத்துப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. பள்ளத்தாக்கில் சைவமும் இருந்தது, பௌத்தமும் இருந்தது.

1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து கடாரத்தைத் தாக்கியது. அவனைப் புகழும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தி சொல்கிறது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏறக்குறைய 20 வருஷத்துக்கு முன்னால் இதே கடாரத்து அரச குடும்பம்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டியது. அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தவன் ராஜேந்திரனின் அப்பன் ராஜராஜன். சோழர் கால லெய்டன் செப்பேடுகளில் எல்லாம் விவரமாக இருக்கிறது. கொடுக்கல் வாங்கலாக இருந்த காலத்தை விட்டுவிட்டு, அடித்த கதையை மட்டும் டீ-சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறோம். அடிபட்ட ஊரில் குடியிருக்கிறவன் என்பதால் எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும்.

படை வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே இது கப்பல்கள் காத்துக் கிடந்த ஊர். வங்கக் கடலைத் தாண்டி வருகிறவனுக்கு அடையாளம் ஜெராய் மலை. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், சுற்றிலும் சமவெளி, ஒற்றையாக நிற்கும். ஒரு பருவக்காற்றில் வந்தவன் திரும்பிப் போக அடுத்த காற்றுக்காகத் தங்கித்தான் ஆக வேண்டும். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போன சீனத் துறவி இத்சிங்கும் இங்கே தங்கிப் போனவர்தான்.

செமிலிங் பக்கத்தில் இருக்கும் சுங்கை பத்து தொல்லியல் தளத்தில் பெரும்பாலோர் காரை நிறுத்துவதே இல்லை. என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். கோபுரம் எதுவும் கிடைக்கவில்லை, தொழிற்பேட்டை கிடைத்தது. இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள், குவியல் குவியலாக இரும்புக் கசடு, செங்கல்லில் கட்டிய படகுத்துறைகள். துறை இருக்கிறது, எதிரே பெரிய ஆறு இல்லை. அது தூர்ந்து ஒதுங்கிவிட்டது. காலம் கி.மு.வுக்குப் போகும் என்பதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை உண்டு. அது அவர்கள் பாடு. எனக்கு முக்கியம் வேறு. அந்த மண்ணுக்கு மேலே இருந்தது தோட்டம். நம் ஆட்கள் அங்கே களை வெட்டினார்கள், உரம் போட்டார்கள், குலை அறுத்தார்கள். காலுக்கடியில் இன்னொரு காலத்துத் தொழிலாளியின் உலை இருந்தது.

2013இன் கடைசியில் 11ஆம் எண் சண்டியை ஒரு வீடமைப்பு நிறுவனம் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கிய செய்தி வந்தபோது நாடே கொதித்தது. நிலம் தனியாருடையது, அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படவில்லை என்றார்கள். நம் சங்கங்களும் அறிக்கை விட்டன. விட வேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில் எத்தனை லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), எத்தனை ஆயாக் கொட்டகைகள் (பிள்ளைக் காப்பகங்கள்), எத்தனை பெரட்டுக் களங்கள் (காலையில் பெயர் கூப்பிடும் இடங்கள்) இடிந்து தாமானாக (புதுக் குடியிருப்பாக) மாறின? அதற்கு ஒரு வரி அறிக்கை வந்ததா?

பீடோங் பக்கத்து ஹார்வர்ட் ரப்பர் தோட்டம் என்றால் இங்கே பாதிப் பேருக்கு இன்று ஒரு முகவரி, அவ்வளவுதான். 1946-47இல் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது இந்தத் தோட்டத்தை மையமாக வைத்துத்தான். போர் முடிந்த கையோடு, ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துப்போனவர்களில் பாதிப் பேர் திரும்பாத வீடுகளிலிருந்து, இளைஞர்கள் கிளம்பி வரிசையாக அணிவகுத்து நடந்தார்கள். கள்ளுக்கடைகளை மறித்தார்கள். சம்பளத்தில் பாதியைக் கள்ளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சமூகம், தன்னைத் தானே திருத்திக்கொள்ள எடுத்த முயற்சி அது. துரைமாருக்குக் கள் குடிக்கிற கூலிதான் வசதி. போலீஸ் வந்தது, மோதல் ஆனது, உயிரும் போனது, படை கலைக்கப்பட்டது.

இது நடந்த இடத்தில் ஒரு பலகை இருக்கிறதா என்றால், நான் பார்த்தவரை இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து வந்த ஒரு ராஜாவின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அவர்களுடைய தாத்தா நடந்த ஊர்வலம் தெரியவில்லை. சோழனைப் பற்றிப் பேசினால் நாம் ஜெயித்தவர்கள் ஆகிவிடுகிறோம். லயத்தைப் பற்றிப் பேசினால் கூலிகளின் பேரப்பிள்ளைகள் ஆகிவிடுகிறோம். எதைப் படம் பிடித்துப் போடுவது என்பதில் இந்தக் கூச்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் மாட்டோம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. புல்டோசரைத் திட்டுகிற நாமே தோட்டத்துக் கோயில்களுக்கு என்ன செய்கிறோம்? இங்கே பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்றது. நுழைவாயிலில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பதித்த பழைய கல் ஒன்றும் இருந்தது. பெயருக்கு எதிரே தண்டல் (மேஸ்திரி), கிராணி (எழுத்தர்), வெளிக்காட்டு, பால்வெட்டு என்று வேலையும் போட்டிருக்கும். திருப்பணி என்று எல்லாவற்றையும் இடித்து, காங்கிரீட் கோபுரம் எழுப்பி, வண்ணம் பூசிக் கும்பாபிஷேகம் நடத்திவிட்டார்கள். அந்தக் கல் எங்கே என்று கேட்டேன். மண் நிரப்பும்போது போயிருக்கும் என்றார்கள். கோயிலைப் பெரிதாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் படம் எடுத்து வைப்பதற்கும், ஒரு கல்லைக் கழுவி ஓரமாகச் சாய்த்து வைப்பதற்கும் என்ன செலவாகிவிடும்?

தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் ம.இ.கா. என்ற இந்தியர் கட்சியின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய டாலர்) சேர்த்து அந்தச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். அதுவும் சரித்திரச் சுற்றுலாவில் வர வேண்டிய இடம்தான், யாரும் கூட்டிப்போவதில்லை.

இப்படி ஒரு சுற்று போக நினைப்பவர்களுக்கு என் யோசனை: காலையில் வெயில் ஏறுமுன் சுங்கை பத்து. நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். பிறகு அருங்காட்சியகம், சண்டியை ஒட்டி ஓடும் ஆற்றோரம் கொஞ்ச நேரம். திரும்பும்போது பீடோங்கில் இறங்கித் தோட்டத்துப் பக்கம் நடங்கள். வேலி போட்ட இடத்தில் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளிடம் பேச்சுக் கொடுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஜெராய்க்கு இன்னொரு நாள் வேண்டும். குருண் பக்கமாகத் தார்ச்சாலை மேலே வரை போகிறது, நடக்க முடியாதவர்களும் போகலாம். வானம் தெளிவாக இருந்தால் மேலேயிருந்து யான் வயல்களும் கடலும் தெரியும். அடிவாரத்தில் குருண் இருக்கிறதே, 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கிய இடம் அதுதான். காட்டுப் பாதையில் ஏறுவதானால் வனத்துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், வழி தெரிந்த ஆள் இல்லாமல் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் அட்டை அதிகம். சிலிப்பர் போட்டுக்கொண்டு வந்து என்னைக் குறை சொல்லக் கூடாது.

கடைசியாக ஓர் உதவி. பழைய ஹார்வர்ட் தோட்டத்து ஆட்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கள்ளுக்கடை எந்த முனையில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். இங்கே ஒருவர் ஒரு பக்கம் கை காட்டுகிறார், இன்னொருவர் சத்தியம் பண்ணி எதிர்ப்பக்கம் காட்டுகிறார்.