"யாரு பாத்தா?"

தங்கச்சிமடத்தில் அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். விண்வெளியிலிருந்து பூமிக்குப் பாய்ந்து வரும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் வெடித்த நட்சத்திரங்களிலிருந்து வருகின்றன என்று வகுப்பில் சொன்னதும் "யாரு பாத்தா சார்?" என்று எழுந்து கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு அது வராது, உட்கார் என்றாராம் வாத்தியார். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை, ஏனென்றால் அதே கேள்வியை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் 79 வருஷம் அலைந்தார்கள்.

பாடே, ஸ்விக்கி என்ற இரண்டு வானியலாளர்கள் 1934ல் சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, மேல் கைகாட்டினார்கள். சாட்சி? காஸ்மிக் கதிரில் பெரும்பகுதி புரோட்டான், மின்னூட்டம் உள்ளது, வழியெல்லாம் காந்தப்புலம் அதை வளைத்துவிடும். கரை ஒதுங்கிய பலகையைப் பார்த்து எந்தப் படகு உடைந்தது என்று எப்படிச் சொல்வது? காமா கதிர் அப்படியில்லை, பாம்பன் லைட் ஹவுஸ் வெளிச்சம் மாதிரி நேரே வரும். வேகமான புரோட்டான் வாயு மேகத்தில் மோதினால் மின்னூட்டமில்லாத பையான் என்ற துகள் பிறந்து, பிறந்த கணமே இரண்டு காமா கதிராக உடையும். எலக்ட்ரானும் காமா கதிர் தரும் என்பதுதான் தலைவலி. ஆனால் பையான் வழி வந்ததென்றால் சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் சக்திக்குக் கீழே காமா கதிரின் அளவு சட்டென்று இறங்கியாக வேண்டும். ஃபெர்மி விண்தொலைநோக்கியின் நாலு வருஷத் தரவில் அந்த இறக்கம் சிக்கி, 2013 பிப்ரவரியில் வெளியானது. டபிள்யூ 44, ஐசி 443 என்ற இரண்டு வெடிப்பு மிச்சங்களில்.

ஐசி 443க்கு ஜெல்லிமீன் நெபுலா என்று பெயர். நம்ம ஊர்ச் சொறிதான், வலையில் ஏறினால் கை அரிக்குமே, அதே உருவம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவளைக் கரைக்குக் கூட்டிப்போய், திருவாதிரைக்கு வடக்கே அந்த இடத்தைக் காட்டினேன், கண்ணுக்குத் தெரியாது, 5,000 ஒளியாண்டு தூரம்.

"புரோட்டானுக்கு அவ்வளவு வேகம் எப்படி சித்தப்பா?"

கரைவலையைச் சொன்னேன். வலை நெருங்க நெருங்க உள்ளே மீன் அங்குமிங்கும் பாயுமே, நட்சத்திரம் வெடித்துக் கிளம்பும் அதிர்ச்சி அலையின் இரு பக்கமும் காந்தப்புலத்தில் மாட்டிய புரோட்டானும் அப்படித்தான் தாண்டித் தாண்டித் திரும்பும், ஒவ்வொரு தாண்டலுக்கும் கொஞ்சம் சக்தி ஏறும். இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 1949ல் தொடங்கிவைத்த யோசனை, 70களின் கடைசியில்தான் கணக்காகத் தேறியது.

சரி, முடிந்ததா? இல்லை. காசியோப்பியா ஏ என்ற இன்னொரு வெடிப்பு மிச்சம், நம் பார்வையில் வெடித்து சுமார் 350 வருஷம்தான், சின்ன வயசு, அதன் காமா கதிரே சில டெரா எலக்ட்ரான் வோல்ட்டிலேயே (ஒரு டெரா பத்து லட்சம் மெகா) மங்கிவிடுகிறது. அதைவிட ஆயிரம் மடங்கு சக்தியோடு வரும் புரோட்டான்களை எது விரட்டுகிறது என்று இன்னும் சண்டை. நம்ம ஊட்டியில் காஸ்மிக் கதிரை ஆராயும் கிரேப்ஸ்-3 கூடம்கூட 2024ல், சக்தி ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும் புரோட்டான் எண்ணிக்கை 166 டெரா எலக்ட்ரான் வோல்ட் அருகே எதிர்பாராமல் மெதுவாகக் குறையத் தொடங்குவதைக் காட்டியது.

திங்கட்கிழமை அவள் மறுபடி கேட்பாள். உட்கார வைக்காதீர்கள் சார்.