என் அணி கமரூன்

போன வாரம் ஒரு திருமண வீட்டில் பந்தி முடிந்து வாசலில் நின்றபோது, உறவுக்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, உதைபந்தாட்டத்தில் பிரேசிலுக்கு இங்கே ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆர்ஜென்டீனாவுக்கு இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் கமரூன்? உங்களுக்கும் அந்த ஆபிரிக்க நாட்டுக்கும் என்ன தொடர்பு?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள மயிலிட்டியில். 1990 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. எனக்குப் பத்து வயது. அன்றுதான் இத்தாலியில் உலகக் கிண்ணம் தொடங்கியது. முதல் ஆட்டம் மிலான் நகரில், ஆர்ஜென்டீனாவும் கமரூனும். நமது நேரத்துக்கு இரவு ஒன்பதரை. என் சின்ன மாமா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு, தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டுக்குப் போனார். முற்றம் நிறையச் சனம். கூரையில் ஒருவர் ஏறி நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எல்லோரும் மரடோனாவைப் பார்க்க வந்தவர்கள். மாமாவும் அப்படித்தான், 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோலை அவர் மண்ணில் கோடு கீறி எனக்கு விளக்கியிருக்கிறார்.

61ஆவது நிமிடத்தில் கமரூனின் கானா பியிக் சிவப்பு அட்டை பெற்று வெளியே போனார். ஆறு நிமிடம் கழித்து அவருடைய சகோதரர் ஓமாம் பியிக் உயர எழும்பித் தலையால் முட்டினார். பந்து கோல் காப்பாளரின் கையில் பட்டு வழுக்கி உள்ளே போனது. முற்றம் அப்படியே அமைதியாகிவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொருவரும் வெளியேற்றப்பட்டார். ஒன்பது பேர் நின்று உலகச் சாம்பியனைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மாமா எழுந்து நின்று கமரூனுக்காகக் கத்தத் தொடங்கினார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் "ஒன்பது பேர், மருமகன், ஒன்பது பேர்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இதற்குப் பிறகு மூன்று நாள்கூடப் போகவில்லை, மீண்டும் போர் தொடங்கிவிட்டது. ஜூன் நடுப்பகுதியில் ஊரே இடம்பெயர்ந்தது. வள்ளங்கள் கரையில் கிடக்க, வலைகள் காய்ந்தபடி கிடக்க, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். எங்கள் குடும்பம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இன்னும் நான்கு குடும்பங்களோடு தங்கியது. மின்சாரம் இல்லை. பற்றரி கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் மாமா கமரூனை விடவில்லை. 38 வயது ரொஜர் மில்லா ரொமேனியாவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்ததையும், கொலம்பியாவின் கோல் காப்பாளர் ஹிகுயிட்டாவின் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியதையும் யாரிடமோ கேட்டு வந்து சொல்வார். கோல் அடித்தபின் மில்லா மூலைக் கொடியடியில் ஆடும் ஆட்டத்தை வகுப்பறை வாசலில் ஆடிக் காட்டினார். இடம்பெயர்ந்து வந்தபின் என் அம்மம்மா முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆபிரிக்க அணி ஒன்று உலகக் கிண்ணக் காலிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. நேப்பிள்ஸில் இங்கிலாந்துடன் ஆட்டம். ஜூலை முதலாம் திகதி அவர்களுக்கு இரவு, நமக்கு நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை. மாமா ஒரு சிறிய வானொலியை இரவல் வாங்கி வந்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினார். சுற்றச் சுற்றக் குரல் வந்தது. கை தளர்ந்தால் குரலும் தேய்ந்தது. ஆங்கில வர்ணனையை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். இங்கிலாந்து முதல் கோல். இடைவேளைக்குப் பிறகு மில்லா உள்ளே வந்தார். தண்ட உதையில் (பெனால்டி) சமநிலை. நான்கு நிமிடத்தில் இன்னொன்று, கமரூன் முன்னே. வகுப்பறையில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். 83ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தின் லினெக்கர் தண்ட உதையில் சமப்படுத்தினார். மேலதிக நேரம்.

மாமாவின் தோள் விட்டுப்போயிருந்தது. "கொஞ்ச நேரம் நீ சுற்று" என்றார். நான் சுற்றினேன். பத்து வயதுக் கை. சற்று நேரத்தில் கை வலி எடுத்துத் தளர்ந்தது, குரல் மெலிந்து மெலிந்து இல்லாமல் போனது. மாமா பாய்ந்து வந்து பெடலைப் பிடித்துச் சுற்ற, குரல் திரும்பி வந்தபோது லினெக்கர் இரண்டாவது தண்ட உதையையும் கோலாக்கியிருந்தார். மூன்றுக்கு இரண்டு. அதோடு முடிந்தது.

நான் கையைத் தளர விட்டதால்தான் கமரூன் தோற்றது என்று அன்றிரவு நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடமும்தான். பல வருடங்கள் அந்த எண்ணம் எனக்குள் இருந்தது. அறிவு வளர்ந்தபின் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசை. போகவில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஓர் அணியின் தோல்வியில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று ஒரு பிள்ளை என்றைக்கு நினைக்கிறதோ, அன்றைக்கு அது அந்த அணிக்கு உரியதாகிவிடுகிறது. வெற்றி யாரையும் கூப்பிடும். 1990 ஜூலை 8 அன்று கிண்ணத்தைத் தூக்கிய மேற்கு ஜேர்மனி என்னைக் கூப்பிடவில்லையா என்ன? ஆனால் அவர்களுக்கு நான் தேவைப்பட்டதில்லை. கமரூனுக்குத் தேவைப்பட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எல்லாம்.

இதை நமது கரையோர ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று எங்கே போனாலும் உதைபந்தாட்டம் ஊரின் சொத்து. நாவாந்துறை ஒரே ஊர்தான். அதற்குள் சென் மேரிஸ், சென் நீக்கிலஸ் என்று இரண்டு கழகங்கள். அங்கே பிறக்கும் பிள்ளையிடம் "நீ எந்த அணி" என்று கேட்பது "உன் தகப்பன் யார்" என்று கேட்பதற்குச் சமம். இரண்டும் மோதும் நாளில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கிழவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பந்து போகும் பக்கம் அவர்களுடைய காலும் தானாக அசையும். விடியற்காலை தொழிலுக்குப் போய் வந்த களைப்போடு நிற்கிறவர்கள் அவர்கள். சம்பத்திரிசியார் கல்லூரியிலும் இளவாலை ஹென்றியரசர் கல்லூரியிலும் விளையாடிய பிள்ளைகள் அந்தக் கால்களைப் பார்த்துத்தான் முதலில் ஆட்டம் பழகினார்கள் என்பேன். பயிற்றுநர்கள் கோபிக்கக் கூடாது.

எங்கள் ஊர்க் கழகத்துக்கு 27 வருடம் மைதானம் இல்லை. இருந்த மைதானம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்து பிள்ளைகள் சேர்ந்து, அடுத்தவர் மைதானத்தில் பயிற்சி எடுத்து, நெஞ்சில் ஊரின் பெயர் எழுதிய சட்டையோடு சுற்றுப்போட்டிகளுக்குப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஊரின் பெயரை உரத்துச் சொல்லும்போது, அழும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது பலர் கடலைப் பார்க்கப் போனார்கள், சிலர் கோயிலைப் பார்க்கப் போனார்கள். நான் மைதானம் இருந்த இடத்தைத் தேடிப் போனேன். பற்றை. ஆளுயரப் பற்றை.

லண்டனில் விம்பிள்டன் என்றொரு கழகம் இருந்தது. அதன் உரிமையாளர்கள் அணியை மில்டன் கீன்ஸ் என்ற வேறு நகரத்துக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி பெற்றார்கள். ரசிகர்கள் பின்னால் போகவில்லை. சில வாரங்களிலேயே தங்கள் கையாலேயே புதிய கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். விளையாட வர விரும்பியவர்களை ஊரின் பொதுத் திடலில் வைத்துத் தெரிவு செய்தார்கள். ஒன்பதாவது தரத்திலிருந்து தொடங்கி, ஒன்பது பருவகாலங்களில் ஐந்து படி ஏறி நான்காவது தரத்துக்கு வந்தார்கள். பழைய கழகத்தின் மைதானம் இருந்த, 1991இல் விட்டுப் பிரிந்த பிளவ் லேன் வீதிக்கு, அங்கே புதிய மைதானம் கட்டி, 2020 நவம்பரில் திரும்பினார்கள். இதை முதன்முதலில் படித்தபோது, அந்த மனிதர்களில் ஒருவரையும் அறியாத நான் மேசையில் தலை வைத்து அழுதேன். திரும்பிப் போதல் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போதுள்ள பிள்ளைகள் பலர் அணியை அல்ல, வீரரைப் பின்தொடர்கிறார்கள். மெஸ்ஸி பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்குப் போனால் இவர்களும் போகிறார்கள், மயாமிக்குப் போனால் அங்கேயும். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு பெரும் கலைஞனை நேசிப்பது நல்ல விடயம். ஆனால் அந்த வீரர் ஓய்வு பெறும் நாளில் அவர்கள் கையில் எதுவும் மிஞ்சாதே என்று கவலைப்படுகிறேன். மில்லா ஓய்வு பெற்றார். என் கமரூன் அப்படியே இருந்தது. 1994இல் ரஷ்யாவிடம் ஆறு கோல் வாங்கியபோதும் இருந்தது. அதே ஆட்டத்தில் 42 வயதில் மில்லா ஒரு கோல் அடித்தார். நாங்கள் அடுத்த நாள்தான் அறிந்தோம். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோதும் இருந்தது. 2003 ஜூனில் கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ லியோன் மைதானத்தின் நடுவில் விழுந்து, எழும்பாமல் போன நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. 2010இல் மூன்று ஆட்டமும் தோல்வி, 2014இலும் மூன்றும் தோல்வி. 2022 டிசம்பரில் அபூபக்கர் பிரேசிலுக்கு எதிராக இறுதி நேரத்தில் கோல் அடித்து, சட்டையைக் கழற்றி எறிந்தார். நடுவர் சிரித்தபடி அவருக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் சிவப்பு அட்டையைக் காட்டினார். உலகக் கிண்ணத்தில் பிரேசிலை வென்ற முதல் ஆபிரிக்க அணி. ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை. அந்த ஆட்டமும் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தான் தொடங்கியது.

சின்ன மாமா இப்போது பாரிஸில் இருக்கிறார். தொண்ணூறுகளில் போனவர், உணவகச் சமையலறையில் வேலை. அங்கே அவரோடு பாத்திரம் கழுவியவர் ஒரு கமரூன்காரர். டைனமோ கதையை மாமா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றாராம். பிறகு, அதே இரவு துவாலா நகரில் பன்னிரண்டு வயதுப் பையனாகத் தானும் அழுதுகொண்டே தூங்கியதைச் சொன்னாராம். இருவரும் இப்போதும் ஞாயிறுகளில் சந்திக்கிறார்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நான் அவளை எந்த அணிக்கும் இழுத்ததில்லை. அது இழுத்து வருகிற காரியமல்ல என்பதால் இழுக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுகிறாள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண் பிள்ளைகள் நாட்டுக்கே பேர் வாங்கிக் கொடுத்த மண்ணில் அது அதிசயமில்லை. 2025 நவம்பரில், 2026 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் கமரூன் கொங்கோ ஜனநாயகக் குடியரசோடு மோதியது. மொறோக்கோவில் ஆட்டம், நமக்கு நள்ளிரவுக்குப் பிறகு. காலையில் பள்ளிக்கூடம் இருந்தும் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். தொண்ணூறு நிமிடம் கோலே இல்லை. மேலதிக நேரம் வரும் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் சொருகியது, ஒரு நிமிடம் என் தோளில் சாய்ந்தாள். அந்த நேரத்தில் மூலை உதையிலிருந்து கொங்கோ கோல் அடித்தது. கமரூன் வெளியே.

அவள் எதுவும் பேசாமல் எழுந்து போய்ப் படுத்தாள். காலையில் கண் இரண்டும் வீங்கியிருந்தன. சாப்பிடவில்லை. சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே, "நான் கண்ணை மூடியிருக்கக் கூடாது, அப்பா" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் கைபேசியை எடுத்து, மாமாவின் இலக்கத்தை அவளே தேடி அழைத்தாள். பாரிஸில் அப்போது விடியாத நேரம். இரண்டாவது மணியிலேயே அவர் எடுத்துவிட்டார்.