மொட்டைக்கருப்பனும் மொத்த எழுத்தும்

போன கிழமை ஒரு தம்பி மொட்டைக்கருப்பன் அரிசிப் பைக்கு லேபல் அடிக்க வந்தவர். போனில ஒரு படத்தைக் காட்டி, "அண்ணை, மொட்டைக்கருப்பன் எண்டதையும் இதே எழுத்தில போட்டுத் தாங்கோ. பழைய கடை மாதிரி இருக்கோணும்" எண்டார். பார்த்தால், கூப்பர் பிளாக் எண்ட இங்கிலிஸ் எழுத்துரு.

எல்லாரும் கண்ட எழுத்துத்தான். ஈஸிஜெட் விமானத்தில இருக்கிற பெயர் அதுதான். சிக்காகோவில ஒஸ்வால்ட் கூப்பர் வரைஞ்சு 1922இல வந்தது. எழுத்து நுனியில வாற செரிஃப் எண்ட சின்னக் கால்கள் எல்லாம் கூர் மழுங்கி, பால்தேத்தண்ணியில தோய்ச்ச பாண் மாதிரி ஊதி நிக்கும். விளம்பரத்துக்கு ஏத்த எழுத்து. ஏ9இல ஓடுற பஸ்ஸுக்குள்ள இருந்தும் வாசிக்கலாம். அரிசிப் பை, பேக்கரி, கூல் பார், முறிகண்டிக் கச்சான் பக்கெற், எதுக்கும் பொருந்தும். அந்தியேட்டி அழைப்பிதழுக்கு மட்டும் வேண்டாம். ஒரு வீட்டுக்காரர் பிடிவாதமாக் கேட்டு அடிச்சுக் குடுத்தன். செத்தவரின்ர பேர் டொபி உறையில இருக்கிற மாதிரி இருந்தது. பையின்ர பின்பக்கத்தில காலாவதித் திகதியையும் இதில போடாதேங்கோ. சின்னனாக்கினால் ஓட்டை அடைஞ்சு 8உம் 6உம் ஒண்டாகிவிடும்.

பிரச்சினை தமிழில வரேக்கதான். நாங்கள் கடைகளில செய்யிறது என்ன? பாமினி எண்ட தமிழ் எழுத்துருவை எடுத்து, சுத்திவர அவுட்லைன் குடுத்து ஊதிவிடுறது. சுழி அடைஞ்சு ரெண்டுசுழி னவும் மூண்டுசுழி ணவும் ஒரே கட்டி. மொட்டைக்கருப்பனில நாலு புள்ளி இருக்கு. எழுத்து ஊதி, புள்ளி அதுக்குள்ள அமுங்கினால் "மொடடைககருபபன". ஓலை கிழியுமெண்டு புள்ளியை விட்ட ஆக்கள் எங்கட முன்னோர். பிளெக்ஸ் கிழியாது, எங்களுக்கு என்ன சாட்டு?

சிலர் தமிழுக்கும் செரிஃப் ஒட்டுவினம். டவுக்குக் கால் முளைச்ச மாதிரி ஒரு கோலம். தமிழ் எழுத்தின்ர மொத்தம், அதாவது தடிப்பு, தட்டைத் தூரிகை திரும்பிற விதத்தில வரோணும். பலகை எழுதின பெயின்ரர்மாருக்கு இது கைப்பழக்கம். இல்லையெண்டால் பலூ தம்பி எண்ட எழுத்துரு மாதிரி உருண்ட எழுத்து ஒண்டு கூப்பருக்குப் பக்கத்தில சண்டை பிடிக்காமல் நிக்கும், காசும் குடுக்கத் தேவையில்லை.

"மில் எப்ப துவங்கினது?" எண்டு கேட்டன். "2011." பிறகேன் இந்தப் பழைய கடை வேஷம் எண்டு வாய்வரைக்கும் வந்திட்டுது. இந்த வின்டேஜ் மோகத்தில எனக்கு எப்பவும் ஒரு எரிச்சல். கிளிநொச்சியில 2009க்கு முந்தின பெயர்ப்பலகை எத்தினை மிஞ்சிக் கிடக்கு, பழசு கொண்டாட?

அவரே சொன்னார். அப்பப்பாவின்ர மில் பரந்தனில இருந்ததாம். இடம்பெயரேக்க பலகையைக் கழட்டி ட்ராக்டரில ஏத்தினவையாம். புதுக்குடியிருப்பு தாண்டினாப் பிறகு காணேல்லையாம்.

என்னமாதிரி எழுத்து எண்டு கேட்டன்.

"பச்சையில வெள்ளை. நல்ல மொத்தமா இருந்தது, அண்ணை."

லேபலைப் பச்சையாக்கிப்போட்டு, பெயரைக் கையால வரைஞ்சுகொண்டிருக்கிறன். இன்னும் முடியேல்லை. ரு சரிவரேல்லை.